மூச்சின் அளவு

2025-ஆம் ஆண்டின் தவக்காலத் தொடக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் இரு நுரையீரல்களிலும் நிமோனியா கண்டு உரோமையின் ஜெமெல்லி மருத்துவமனையில் இருந்த நாள்களில், ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போதெல்லாம் எங்கள் பங்கு மக்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். நான் ஓய்வுபெற்ற மயக்க மருந்து மருத்துவன் என்பதை ஊர் அறியும். இரவு வேளையில் முகமூடி வழியாக இயந்திரம் மூச்சுக் கொடுக்கிறதென்று வத்திக்கான் அறிக்கை கூறுகிறதே, அது எப்படி? தொண்டைக்குள் குழாய் இறக்குவதும் இதுவும் ஒன்றுதானா? இளமையிலேயே வலப்பக்க நுரையீரலில் ஒரு பகுதியை இழந்தவராயிற்றே, தாங்குவாரா? அறிந்தவரையில் விடை சொன்னேன். கூட்டம் கலைந்த பின், கையில் செபமாலையோடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் மட்டும் கடைசியாக ஒன்று கேட்டார்: "நிறையக் காத்துக் கொடுத்தா சீக்கிரம் குணமாகுமே, டாக்டர்? ஏன் கொஞ்சமாக் கொடுக்கிறாங்க?"

"இல்லை ஐயா, நிறையக் கொடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். அந்த 'இல்லை' என்ற சொல்லை நான் கற்றுக்கொண்ட விதத்தை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்ல முயல்கிறேன்.

நாம் மூச்சு வாங்கும்போது முதலில் மார்பு விரிகிறது. விரிந்த இடத்தை நிரப்பக் காற்று தானாகவே உள்ளே வருகிறது. செயற்கைச் சுவாசக் கருவியோ இதைத் தலைகீழாகச் செய்கிறது. காற்றை வெளியிலிருந்து தள்ளி, அந்தத் தள்ளுதலால் மார்பை விரியச் செய்கிறது. உள்ளே இழுக்கும்போது எவ்வளவு போதும் என்பதை உடலே அறியும். தள்ளும்போது அதை வேறொருவர் முடிவு செய்தாக வேண்டும். கருவியின் முகப்பில் அதற்கான திருகுகள் உண்டு. ஒரு மூச்சுக்கு எத்தனை மில்லி லிட்டர் காற்று என்பது ஒன்று. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பது மற்றொன்று. அந்தக் காற்றில் பிராணவாயு எத்தனை விழுக்காடு என்பது மூன்றாவது. நம் அறைக் காற்றில் அது 21, கருவியில் 100 வரை ஏற்றலாம். மூச்சு வெளியேறி முடிந்த பின்னும் நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளே நிறுத்திவைக்கும் சிறு அழுத்தம் ஒன்றும் உண்டு. அதை நாங்கள் 'பீப்' என்று அழைப்போம். என் கதை முதல் திருகைப் பற்றியது.

1997-ஆம் ஆண்டு, திருவருகைக் காலத்தின் முதல் வாரம். தென்மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு சுவாசக் கருவிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று பெரும்பாலும் பழுதாகவே கிடக்கும். மழை ஓயாமல் கொட்டிய ஒரு மாலையில் தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூரிலிருந்து ஓர் உபதேசியாரைக் கொண்டுவந்தார்கள். குருவானவர் மாதத்தில் ஓரிரு முறையே வந்துபோகும் ஊரில் ஞாயிறு செபத்தை நடத்தி, சிறுவர்களுக்கு ஞானோபதேசம் கற்பித்து, இறந்தோரை மந்திரித்து அடக்கம் செய்துவந்தவர். குட்டையான, பருத்த உடல். கணீரென்ற குரல் உடையவர் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. வந்து சேர்ந்தபோது ஒரு சொல்லை முழுமையாகச் சொல்லி முடிக்க அவருக்கு மூச்சு இல்லை.

நிமோனியா முற்றி இரு நுரையீரல்களையும் பற்றியிருந்தது. ஊடுகதிர்ப் படத்தில் கருமையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெண்மை. நிமோனியாவோ, இரத்தத்தில் பரவிய கிருமியோ, பெருங்காயமோ, எது தூண்டினாலும் இறுதியில் நுரையீரல் நீர் கோத்த பஞ்சுபோல் கனத்துவிடும் இந்த நிலைக்கு 'ஏ.ஆர்.டி.எஸ்.' என்று பெயர். 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இதை முதன்முதலாக விவரித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்தும், எங்களிடம் வந்த இத்தகையோருள் வீடு திரும்பியவர்கள் சிலரே.

தொண்டையில் குழாய் இறக்கினேன். ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதற்கு எங்கள் பாடநூல்கள் தந்திருந்த விதி எளிமையானது: உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லி வரை. நோயாளிச் சீட்டில் எடை 78 கிலோ என்றிருந்தது. நான் எச்சரிக்கையானவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு எண்ணம் உண்டு. ஆகவே இருப்பதில் குறைந்த 10-ஐயே எடுத்துக்கொண்டேன். 780 வந்தது. திருகை 800-இல் வைத்தேன்.

விரலில் மாட்டிய கருவி காட்டிய பிராணவாயு அளவு 81-இலிருந்து 95-க்கு ஏறிற்று. வெளியே காத்திருந்த அவருடைய மனைவியிடம் அந்த எண்ணைச் சொன்னேன். அவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். எனக்கும் மனம் நிறைந்தது. ஆனால், கருவியின் அழுத்தமானி ஒவ்வொரு மூச்சுக்கும் 50-ஐத் தாண்டிச் சென்று திரும்பியது. தாண்டும் ஒவ்வொரு முறையும் அபாயமணி ஒலித்தது. மணி ஒலிக்கும் எல்லையை 60-க்கு உயர்த்தினேன். மணி ஓய்ந்தது.

மூன்றாம் நாள் இரவு மின்சாரம் போயிற்று. மழைநீர் புகுந்ததனால் ஜெனரேட்டரும் ஓட மறுத்தது. கருவியைக் கழற்றிவிட்டு, ரப்பர்ப் பையைக் குழாயில் பொருத்தி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையால் அழுத்திக் காற்றுக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம்.

இங்கே சற்று விலகிச் சென்று ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் துறையே அப்படிப்பட்ட கைகளிலிருந்து பிறந்ததுதான். 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர், மூச்சுத் தசைகள் செயலிழந்திருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையைக் கையால் அழுத்திக் காப்பாற்றினார். அந்தப் பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து, பைகளை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். பிழைக்க வழியின்றிக் கிடந்தவர்களுள் பெரும்பாலோர் பிழைத்தனர். கையால் காற்றுக் கொடுக்கும்போது ஒரு நன்மை உண்டு. நுரையீரல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். மயக்க மருந்து கொடுப்பவர்கள் இந்த அறிவைப் பல்லாண்டுப் பழக்கத்தால் பெறுகிறோம்.

அன்றிரவு என் கைக்கு அது தெரிந்தது. பை ஒரு கட்டைபோல் இருந்தது. வழக்கம்போல் முழுதாக அழுத்த முயன்றேன், முடியவில்லை. முடிந்ததெல்லாம் சின்னச் சின்ன மூச்சுகளாக, விரைந்து விரைந்து கொடுப்பதுதான். அப்படியே கொடுத்தேன். மின்கலத்தில் ஓடிய விரல் கருவியில் பிராணவாயு அளவு 95-இலிருந்து மெல்ல இறங்கி 88-இல் நின்றது. அதற்கும் கீழே போகவில்லை; ஆனாலும் நான் அஞ்சினேன். மின்சாரம் வந்ததும் கருவியை மாட்டி, திருகு 800-இல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் மறுபடியும் 95. குறிப்பேட்டில் "பை மிகவும் இறுக்கம்" என்று எழுதினேன். எழுதியதோடு சரி.

ஐந்தாம் நாள் நண்பகலில் அவருடைய வலப்பக்க நுரையீரல் வெடித்துக் காற்று மார்புக்குழிக்குள் புகுந்தது. விலாவுக்கிடையே குழாய் செருகினோம். மாலையில் இடப்பக்கம். பங்குத்தந்தை வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். ஆறாம் நாள் விடியுமுன் அவர் இறந்தார்.

அவர் மனைவி அழுதுகொண்டே என் இரு கைகளையும் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். "மூணு ராத்திரி கண்ணு முழிச்சீகளே ஐயா, கரண்ட் போனப்ப கையாலயே மூச்சுக் கொடுத்தீகளே" என்றார். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் துக்கத்தினால் அவர்கள் பலகாரம் செய்யவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து, ஒவ்வொரு டிசம்பரிலும், ஒரு தகர டப்பா நிறைய முந்திரிக்கொத்து அவருடைய மகன் கையில் பேருந்தேறி என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

2000-ஆம் ஆண்டின் இறுதியில், வேறொரு நகரில் பணிபுரிந்த நண்பர் ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஒளிநகலை அனுப்பினார். அவ்வாண்டு மே மாதம் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்' வெளிவந்தது. அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து, இதே நோய்நிலையில் இருந்த 861 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 12 மில்லி என்ற வழக்கமான மூச்சும், மற்றதற்குக் கிலோவுக்கு 6 மில்லி என்ற சிறு மூச்சும் கொடுத்துப் பார்த்தன. பெரிய மூச்சுப் பெற்றவர்களில் நூற்றுக்கு 39.8 பேர் இறந்தனர். சிறிய மூச்சுப் பெற்றவர்களில் 31 பேர். இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்ததும் ஆய்வைத் திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது. நீர் கோத்த நுரையீரல் முழுவதும் ஒரே சீராகக் கெடுவதில்லை. மல்லாந்து கிடப்பவரின் முதுகுப்பக்கம் கனத்து மூடிக்கொள்கிறது. மார்பின் முன்பக்கத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் காற்று ஏற்கும் நிலையில் எஞ்சுகிறது. இத்தாலியரான லூச்சியானோ கத்தினோனி 1980-களில் ஊடுகதிர்க் குறுக்குவெட்டுப் படங்களைக் கொண்டு இதைக் கண்டு, 'குழந்தை நுரையீரல்' என்று பெயரிட்டார். வளர்ந்த மனிதரின் மார்புக்குள் வேலை செய்வது ஒரு குழந்தையின் அளவேயான நுரையீரல். நாம் முழு ஆளுக்கான காற்றைத் தள்ளும்போது, அது முழுவதும் அந்தச் சிறிய, நோயற்ற பகுதிக்குள்தான் போகிறது. அதை மிகையாக விரித்துக் கிழிக்கிறது. கிழிந்த இடம் புண்ணாகி, புண் உடலெங்கும் அழற்சியைப் பரப்புகிறது. நோய் விட்டுவைத்ததை மருத்துவம் கெடுக்கிறது. 1974-ஆம் ஆண்டிலேயே எலிகளுக்கு மிகையழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, நுரையீரல் நீர் கோத்துப் போவதை இரு அமெரிக்க மருத்துவர்கள் காட்டியிருந்தார்கள். அது எங்கள் பாடநூலின் விதியை மாற்றியிருக்கவில்லை.

அந்தக் கட்டுரையில் இரண்டு செய்திகள் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, கிலோ என்று அவர்கள் குறித்தது தராசு காட்டும் எடையை அன்று. உயரத்திலிருந்து கணக்கிடும் எடையை. மனிதன் உண்டு பருத்தால் நுரையீரல் பருப்பதில்லை. அது உயரத்தோடு வளர்ந்து நின்றுவிடுகிறது. ஆணுக்கு ஐந்தடி உயரத்துக்கு 50 கிலோ, அதற்குமேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ, பெண்ணுக்கு 45.5 கிலோவில் தொடங்க வேண்டும். உபதேசியாரின் உயரத்தை நாங்கள் அளந்ததே இல்லை. ஐந்தடி மூன்று அங்குலம் இருக்கும் என்று நினைவிலிருந்து மதிப்பிட்டேன். 56.9 கிலோ. ஆறால் பெருக்கினால் 341 மில்லி. நான் வைத்தது 800. அந்த ஆய்வில் எந்தப் பெரிய மூச்சுக்காரர்கள் மிகுதியாக இறந்தார்களோ, அவர்களுக்குக் கொடுத்ததைவிடவும் நான் கூடுதலாகக் கொடுத்திருந்தேன்.

மற்றொன்று இதைவிடக் கசப்பானது. முதல் சில நாள்களில், பெரிய மூச்சுப் பெற்றவர்களின் பிராணவாயு அளவே மேலாக இருந்தது. சிறிய மூச்சுப் பெற்றவர்களின் எண்கள் மோசமாக இருந்தன. ஆனால், அவர்களே மிகுதியாகப் பிழைத்தார்கள். பிராணவாயு அளவு 88 முதல் 95 வரை இருந்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டு, கரியமிலவாயு சற்றுக் கூடினாலும் பொறுத்துக்கொண்டு, மூச்சின் எண்ணிக்கையை நிமிடத்துக்கு 35 வரை உயர்த்தி, உள்ளே தங்கும் அழுத்தம் 30-ஐத் தாண்டாமல் காப்பதே அவர்கள் கைக்கொண்ட முறை. 88. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் கண்டு அஞ்சிய எண்.

2001-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், எனக்கு நன்கு அறிமுகமான முதிய குரு ஒருவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அன்னிக்கு உலகம் முழுக்க அப்படித்தானே செஞ்சாங்க, டாக்டர்? அறியாம செஞ்சது பாவமாகாது. இல்லாத பாவத்துக்கு நான் எப்படி மன்னிப்புக் கொடுக்கிறது?" என்றார். மெய்தான், திருச்சபையின் படிப்பினையும் அதுதான். ஆனால், பாவம் என்று அவர் சொல்லியிருந்தால் அதை அங்கே இறக்கி வைத்துவிட்டு வந்திருப்பேன். பாவமில்லை என்றதும் அதை வைப்பதற்கு இடமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தேன். எலியா ஓரேபு மலையில் பெருங்காற்றில் ஆண்டவரைக் காணாமல் மெல்லிய ஒலியில் கண்ட பகுதியை வாசிக்கும்படி அவர் சொல்லி அனுப்பினார். வாசித்தேன். எலியாவின் பெருங்காற்று பாறைகளைப் பிளந்ததே தவிர, எவருடைய நுரையீரலையும் பிளக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். அத்தகைய மனநிலையில் இருந்தேன்.

உண்மை என்னவென்றால், அந்தக் குருவானவரிடம் நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. பாடநூலைச் சொன்னேன், 800-ஐச் சொன்னேன். மின்சாரம் போன இரவில் என் கை உணர்ந்ததைச் சொல்லவில்லை. பின்னாளில் படித்த அறிவை அன்றைய கையின் மீது ஏற்றிப் பேசுகிறேனோ என்று என்னையே ஐயுற்றதும் உண்டு. ஆயினும், குறிப்பேட்டில் என் கையெழுத்து இருந்தது. பை மிகவும் இறுக்கம். அறியாமை என்பது அந்த வரிக்கு முன்னால் வரைதான் முழுமையாகப் பொருந்தும்.

கத்தோலிக்க மருத்துவர்கள் இந்தக் கருவியைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்துவருகிறார்கள். 1957-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையை நாங்கள் மாணவப் பருவத்திலேயே கேள்விப்பட்டிருக்கிறோம். மீளா மயக்கத்தில் கிடப்பவருக்குச் சுவாசக் கருவியைத் தொடர்ந்தே ஆக வேண்டுமா என்று அவரிடம் கேட்டிருந்தார்கள். உயிரைக் காக்க இயல்பான வழிகளையே மனிதன் கடமையாக மேற்கொள்ள வேண்டும். அதற்கு அப்பாற்பட்ட பெருஞ்சுமையான வழிகளைக் கட்டாயமாக்க இயலாது என்ற தெளிவு அங்கிருந்து வந்தது. இன்றைய மறைக்கல்வி ஏடும் அந்த வழியில்தான் செல்கிறது. எனினும், நான் பங்கெடுத்த மருத்துவ அறநெறிக் கூட்டங்களிலெல்லாம் நாங்கள் விவாதித்தவை இரண்டே: எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது. இடைப்பட்ட நாள்களில் எவ்வளவு என்பதை அறநெறிக் கேள்வியாக எவரும் கருதியதில்லை. அது திருகு சம்பந்தப்பட்டது, தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிட்டோம்.

2001-க்குப் பின் நான் பொறுப்பிலிருந்த வரையில், எங்கள் பிரிவின் ஒவ்வொரு கட்டிலிலும் ஓர் அளவுநாடா தொங்கியது. எடையைக் கேட்குமுன் உயரத்தை அளக்க வேண்டும். சில செவிலியர் இதை என் பித்து என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, ஓய்வுபெற்றிருந்த என்னையும் அழைத்தார்கள். ஒரே கூடத்தில் அத்தனை உபதேசியார்களைக் கண்டேன். இப்போது விதிகள் வேறாக இருந்தன. சிறு மூச்சு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்படித் திருப்பினால் மூடிக்கிடக்கும் முதுகுப்பக்கம் திறந்துகொள்கிறது. 2013-ஆம் ஆண்டு வெளிவந்த பிரெஞ்சு நாட்டு ஆய்வொன்றில், 466 பேரில், நாளொன்றுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறக் கிடத்தப்பட்டவர்களின் இறப்பு 28 நாள்களுக்குள் நூற்றுக்கு 33 என்பதிலிருந்து 16-ஆகக் குறைந்திருந்தது. கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டே ஐந்தாறு பேர் சேர்ந்து, குழாய் ஒன்றும் கழன்றுவிடாமல், ஒருவரைத் திருப்புவார்கள். வெளியே கைப்பேசியில் உறவினர், "90-தான் காட்டுது, ஏன் சார் 100 ஆக்க மாட்டேங்கிறீங்க?" என்று அழுவார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்வதே என் வேலையாயிற்று. அதற்கு நான் தகுதியானவன்.

எல்லாம் முறைப்படி செய்தும் பலர் இறந்தார்கள். ஓர் அதிகாலையில், வேப்பமரத்தடியில் கவச உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், இருபது வருஷம் கழிச்சு, இன்னைக்கு நாம செஞ்சதும் தப்புன்னு சொல்லுவாங்களா?"

"சொல்லுவாங்கம்மா" என்றேன்.

"அப்போ என்ன சார் செய்றது?"

என்னிடம் விடை இல்லை. "ஏழாம் கட்டிலில் அழுத்தம் எவ்வளவு காட்டுதுன்னு பார்த்துட்டு வாங்க" என்றேன். அவர் எழுந்து, புதிய உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இளம்பெண்ணிடம் ஒரு சொல்லில் ஒப்புக்கொண்டதை, இருபது ஆண்டுகளாக முந்திரிக்கொத்து அனுப்பிக்கொண்டிருந்தவரிடம் ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறேனே என்பது உறுத்தியது.

2022-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா கழிந்த வாரம் அந்த ஊருக்குப் போனேன். பனைகளுக்கு நடுவே சிறிய ஓட்டு வீடு. அந்த அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் தையல் இயந்திரம்; இன்னும் கோயில் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறாராம். "சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே, டாக்டரய்யா" என்று பதறிக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். சுவரில் திருஇருதயப் படத்தின் கீழே உபதேசியாரின் புகைப்படம். குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். குடித்து முடித்த பிறகுதான் தொடங்க முடிந்தது. பாடநூலைச் சொன்னேன். 800-ஐயும் அபாயமணியையும் சொன்னேன். கையைச் சொன்னேன். அதை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. முதலில் அவர் கேட்டது நான் எதிர்பாராதது.

"அந்தக் காத்து அவுகளுக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. தூக்க மருந்து ஓடிக்கிட்டே இருந்துச்சு. வலி தெரிஞ்சிருக்காது."

"கொறைச்சு வச்சிருந்தா பொழைச்சிருப்பாகளோ?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். பெரிய மூச்சில் நூறு பேரில் நாற்பது பேர் இறந்தார்கள். சின்ன மூச்சில் முப்பத்தொரு பேர். நூற்றுக்கு ஒன்பது பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். அந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவராக இருந்திருப்பாரா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

"நூத்துக்கு ஒம்பது" என்று திருப்பிச் சொன்னார். விரல்களை மடித்துப் பார்ப்பதுபோல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கரண்ட் போனப்ப கையால கொடுத்தீகளே, அது சரியான அளவுதானா?" என்றார்.

"ஏறக்குறைய சரியான அளவுதாம்மா."

"அப்போ அந்த முக்கா மணி நேரம் நல்லபடியா மூச்சு விட்டிருக்காக."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் வருமென்று நினைத்து வந்தேன், வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்கவா வந்தேன் என்று வெட்கமாக இருந்தது. எழப்போனபோது அவர் நிறுத்தினார்.

"உயரத்தை வச்சுத்தான் கணக்குன்னு சொன்னீகளே. அவுகளுக்கு எவ்வளவு உயரம்னு போட்டீக?"

"அன்னைக்கு அளக்கலம்மா. பிறகு, அஞ்சடி மூணு அங்குலம் இருக்கும்னு நினைச்சுக் கணக்குப் பார்த்தேன்."

"அவ்வளவெல்லாம் கெடையாது" என்று முதன்முறையாகச் சற்றுச் சிரித்தார். தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு உள்வாசலுக்குப் போனார். கதவு நிலையில் பழைய ஆணி ஒன்று இருந்தது. உபதேசியார் தம் வெள்ளை அங்கியை மாட்டுவதற்காக, தலை உச்சிக்கு நேராகத் தாமே அடித்த ஆணியாம். அதற்கு மேலே கை எட்டவில்லையா என்று அவர் கேலி செய்ததுண்டாம். நாடாவின் நுனியை ஆணியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என்னிடம் நீட்டினார். நான் குனிந்து தரையில் வைத்துப் பார்த்தேன். அறுபத்தொரு அங்குலம். ஐந்தடி ஓர் அங்குலம்.

"எவ்வளவு வருது?" என்று கேட்டார்.

52.3 கிலோ, அதை ஆறால் பெருக்கினேன். "314" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, நாடாவைச் சுருட்டி இழுப்பறையில் வைத்தார்.